தபால்காரருக்குப் போட்ட இரண்டு மதிப்பெண்

இந்த மாலைப் பொழுதுக்குத் தலைமை ஏற்று, பேசுகிறவனின் முகத்தைவிடத் தம் கைக்கடிகாரத்தின் முகத்தையே கனிவோடு பார்த்துக்கொண்டிருக்கும் கடைவீதிச் சங்கத் தலைவர், அண்ணன் கொதானி அவர்களே. காலமெல்லாம் கல்லாவில் அமர்ந்து கண்ணியம் காத்து, இன்று முன்வரிசையில் அமர்ந்து கண்ணயரக் காத்திருக்கும் மூத்த வணிகப் பெருமக்களே. பிள்ளையின் கையிலிருந்து ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டிவிட்டு, பிள்ளை பள்ளிக்குப் போனதும் அதே பீரோவைத் திறந்த தாய்மார்களே. சுடச்சுடத் தகோயாகி மாவுருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்திருக்கும் வாலிபத் தோழர்களே. இவர்கள் எல்லோருக்கும் மேலாக, வீடியோ கேம்களுக்கு மதிப்பெண் போட்டே மேற்கு ஜப்பானை மிரள வைத்த மதிப்புரையாளர், விழா நாயகி, நிஷிவாகி ரித்சுகோ அம்மையார் அவர்களே. உங்கள் அனைவருக்கும், ஒசாகாவின் நிப்பொன்பாஷியில் பழைய கேம் கேசட் வாங்கி விற்கும் ஹமாகுச்சியின் பணிவான வணக்கம்.

புகழ்வதற்குத்தான் என்னை அழைத்தார்கள். நானும் கலங்கரை விளக்கம், கருத்துக் கருவூலம் என்றெல்லாம் எழுதி, கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்தேன். அத்தனையும் வீணாயிற்று. விழாக் குழுவும் நானும் அழைப்பிதழோடு அம்மையாரின் வீட்டுக்குப் போனபோது அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"பாராட்டு விழாவா? வைங்க, வரேன். ஆனா மேடையில எவனாவது என்னைப் புகழ்ந்தா எந்திரிச்சுப் போயிடுவேன். அந்த ரெண்டு மார்க் கதையைச் சொல்லுங்க. அது போதும்."

"அதைச் சொன்னா உங்களுக்குத்தானே அவமானம், அக்கா?" என்று கேட்டேன்.

"அவமானம்தான். பாராட்டுறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. அவமானத்தை யாராவது ஒழுங்கா சொல்லணுமில்ல?"

ஆகவே, பெரியோர்களே, புகழுரையைப் பையில் வைத்துக்கொண்டு, அந்த இரண்டு மதிப்பெண்ணின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். அம்மையார் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

மதிப்பெண் என்பது என்ன? மனத்துக்கு எண் உண்டா? மகிழ்ச்சிக்கு அளவுகோல் உண்டா? உண்டு என்றுதான் இந்தத் தொழில் சொல்கிறது. ஒருவர் ஆடிப் பார்த்துப் பத்துக்கு எட்டு என்கிறார். இன்னொருவர் அதையே ஆடிப் பார்த்துப் பத்துக்கு நான்கு என்கிறார். தலைநகரத்துப் பத்திரிகைகளில் நாலு பேரை ஒரே மேசையில் உட்கார வைத்து, நாலு எண்ணையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்குத் தீர்ப்பு என்று பெயர் வைத்தார்கள். நம் அம்மையார் என்ன செய்தார்? ஒரு ஆட்டத்தைக்கூட ஆடாமல் எல்லா ஆட்டத்துக்கும் மதிப்பெண் போட்டார்.

இளைஞர்கள் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். ஆனால் அந்த மதிப்பெண்ணை நம்பித்தான் உங்கள் அப்பாக்கள் கடை நடத்தினார்கள்.

அம்மையார் அதற்கு முன்னால் தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் ஆய்வாளராக இருந்தவர். எரிந்த வீட்டுக்குப் போவார். வீட்டுக்காரர் அழுது அழுது ஒரு கதை சொல்வார். அம்மையார் தலையை ஆட்டிக்கொண்டே குனிந்து சாம்பலைக் கிளறுவார். சாம்பல் வேறு கதை சொல்லும். மனிதர்கள் சொல்வதை நம்பாமல், அவர்கள் விட்டுப்போனதை நம்பும் பழக்கம் அங்கே வந்தது. அந்த வேலையை விட்ட பிறகு ஒருநாள் டார்ச் விளக்குக்கு பாட்டரி வாங்க என் கடைக்குள் நுழைந்தார். நான் அப்போது பழைய கேசட் ஒன்றை டிவியில் போட்டு, அதற்குள் இருந்த ஆட்டத்தை அழித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன அழிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"முன்னாடி வெச்சிருந்தவர் விட்ட இடம் அதுக்குள்ளயே இருக்கும்ங்க. நாயகன் பேரு, எந்த ஊர்ல நிக்கிறான், எவ்வளவு தூரம் போனான், எல்லாம். உள்ள ஒரு குட்டி பாட்டரி இருக்கு, அது ஞாபகம் வெச்சிருக்கும். புதுசா வாங்கறவங்களுக்கு அது எதுக்கு? அழிச்சிட்டுத்தான் அலமாரியில வைப்போம்."

"அழிக்காதீங்க. நான் பாக்கணும்," என்றார். அன்றைக்கு என் கடையின் பின்னறையில் உட்கார்ந்தவர்தான்.

அங்கே என்னென்ன பார்த்தோம் என்று சொன்னால் விடிந்துவிடும். ஒருவன் தன் அலுவலக மேலாளரின் பெயரை நாயகனுக்கு வைத்து, கவசத்தை எல்லாம் கழற்றி விற்றுவிட்டு, வெறுங்கையோடு பூதத்தின் முன்னால் நிறுத்தியிருந்தான். இன்னொருவர் குடும்பத்தார் அனைவரின் பெயரையும் வீரர்களுக்கு வைத்து, மாமியார் பெயரை மட்டும் மூட்டை சுமக்கும் கழுதைக்கு வைத்திருந்தார். அது யார் என்று பின்வரிசையில் கேட்கிறார்கள். தொழில் ரகசியம். அவர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார், மாமியாரும் பக்கத்தில் இருக்கிறார்.

அம்மையார் சிரிக்க மாட்டார். எங்கே நிறுத்தினார்கள் என்பதை மட்டும் பார்ப்பார். பெயர் போன ஒரு ஆட்டம் வந்தது. டிவியில் விளம்பரம், ரயில் நிலையத்தில் விளம்பரம், பத்திரிகைகளில் வானளாவிய மதிப்பெண். எங்கள் கடைக்கு அதன் கேசட்டுகள் விற்பனைக்கு வரத் தொடங்கின. அம்மையார் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எல்லா நாயகர்களும் இரண்டாவது ஊரின் கிணற்றடியில் நின்றார்கள். அதைத் தாண்டி ஒருவரும் போகவில்லை. நம் கடைவீதியின் இலவசப் பத்திரிகையில் அம்மையார் எழுதினார்: "வாய்கள் ஒன்பது என்கின்றன. கால்கள் கிணற்றடியில் நின்றுவிட்டன. மதிப்பெண் மூன்று."

வீதியே கைதட்டியது. விளம்பரம் வாங்காத பேனா, விருந்து உண்ணாத பேனா, எவன் பெயருக்கும் பணியாத பேனா என்று கொண்டாடினார்கள். மன்னிக்கவும், அக்கா, அது அவர்கள் புகழ்ந்தது, நான் புகழவில்லை. அதன் பிறகு கோபேயிலிருந்து வக்காயாமா வரைக்கும் கடைக்காரர்கள் அவருடைய எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் மொத்த வியாபாரிக்கு போன் போட்டார்கள். ஆறு என்றால் வாங்கு. நான்கு என்றால் யோசி. இரண்டு என்றால் போனையே எடுக்காதே.

இதில் என் நிலை என்ன என்று கேட்பீர்கள். நான் பழைய சாமான் வியாபாரி. நல்ல ஆட்டம் வந்தாலும் வாங்குவேன், கெட்ட ஆட்டம் வந்தாலும் வாங்குவேன். எனக்கு இரண்டும் ஒரே அகலம், ஒரே அலமாரி. ஆகையால் இந்தக் கதையில் நான் பக்கச்சார்பு இல்லாத சாட்சி.

இப்போது உரானோவிடம் வருகிறேன். அமாகசாகியில் ஒரு சலவைக்கடையின் மாடியில், உரானோவும் அவர் மனைவியும், வேலைக்கு வைத்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆட்டம் செய்தார்கள். பெயர் 'கணவாய்த் தபால்'. நாயகன் பனிநாட்டுத் தபால்காரர். வாள் கிடையாது, வேல் கிடையாது, பூதம் கிடையாது. ஊர் ஊராகக் கடிதம் கொடுத்துக்கொண்டே போவார். மூன்றாவது ஊரில் பனி விழுந்து கணவாய் மூடிவிடும். அடிவாரத்தில் ஒரு விடுதி. குளிர்காலம் முடியும்வரை அவர் அங்கேதான் தங்க வேண்டும். கூரைப் பனியை அள்ள வேண்டும், அடுப்புக்கு விறகு போட வேண்டும், விடுதிக்கார அம்மாள் சொல்லும் கதையைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

விற்க வந்த கேசட்டுகளை அம்மையார் போட்டுப் பார்த்தார். முதல் கேசட்டில் தபால்காரர் விடுதியில் படுத்திருந்தார். அடுத்ததிலும் விடுதியில் படுத்திருந்தார். அடுத்ததிலும் அப்படியே. வந்த கேசட் அத்தனையிலும் எல்லாத் தபால்காரர்களும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்த ஒரே விடுதியில் கிடந்தார்கள். அம்மையார் எழுதினார்: "போனவர் யாரும் எழுந்திருக்கவில்லை. மதிப்பெண் இரண்டு."

சில நாள் கழித்து உரானோ என் கடைக்கு வந்தார். ஒல்லியான மனிதர். சட்டைக் காலரில் பேனா மை. வாசலிலேயே குனிந்து வணங்கி, பின்னறைக்கு வழி கேட்டார். நானே கூட்டிப்போனேன். அடிதடி நடந்தால் டிவிக்கு ஆபத்து என்பதால் நானும் உள்ளேயே நின்றுகொண்டேன். அவரோ ஆசானை அழைப்பதுபோல் மரியாதையாக அழைத்தார்.

"சென்செய், நான் உரானோ. 'கணவாய்த் தபால்' நான் பண்ணினதுங்க."

அம்மையார் திரும்பவில்லை. "உக்காருங்க, உரானோ-சான். திட்டணும்னா சீக்கிரம் திட்டிடுங்க. டீ ஆறிடும்."

"திட்ட வரலைங்க. ஆடிப் பாத்தீங்களான்னு கேக்க வந்தேன்."

"நான் எதையும் ஆடுறதில்ல."

"ஆடாம எப்படிங்க மார்க் போடுறது?"

"எனக்குப் பிடிச்சா என்ன, பிடிக்காட்டி என்ன? நான் ஒரு ஆளு. இங்க இத்தனை பேரோட கேசட் இருக்கு. எல்லாரும் உங்க விடுதியிலயே படுத்துட்டாங்க."

"குளிர்காலம் முடியணும்ங்க. அப்பத்தான் கணவாய் திறக்கும்."

"அது அவங்களுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் வித்திருக்காங்க."

உரானோ டீயைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை. "அடுத்த ஆட்டம் பாதி முடிச்சு வெச்சிருக்கோம். ஒசாகாக் கடைங்க மறுபடி ஆர்டர் குடுத்தாத்தான் அதை எடுத்துப்பேன்னு மொத்த வியாபாரி சொல்லிட்டாரு. இல்லேன்னா கம்பெனியை மூடணும். அந்த ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பணும். அவங்க வேற வேலையை விட்டுட்டு வந்தவங்க."

"வருத்தமாத்தான் இருக்கு. ஆனா வருத்தத்துக்கு மார்க் போட முடியாது."

"முடிச்சவங்க இருக்காங்க, சென்செய். பெட்டிக்குள்ள கருத்து அட்டை வைப்போமே, அதுல எழுதி அனுப்பியிருக்காங்க."

"அட்டையில எழுதுறதும் வாயில சொல்றதும் ஒண்ணுதான். கேசட்டைக் கொண்டாங்க. கணவாயைத் தாண்டின ஒரே ஒரு கேசட். மார்க்கை மாத்திடறேன். ஆனா அது இந்தக் கடையில வித்ததா இருக்கணும். காட்டுறதுக்குன்னே கொண்டு வர்றதை நான் நம்ப மாட்டேன். விக்கிறவனுக்கு எங்கிட்ட எதையும் நிரூபிக்கத் தேவையில்ல, அதனால அவனைத்தான் நம்புவேன்."

நியாயமான பேச்சு என்றுதான் எனக்குப் பட்டது. உரானோவுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். குனிந்து வணங்கிவிட்டு, கருத்து அட்டைகளில் இருந்த முகவரிகளைத் தேடிக் கிளம்பினார்.

தாய்மார்களே, தந்தைமார்களே, ஒரு படைப்பாளி தன் படைப்பை நேசித்தவர்களின் வீட்டு வாசலில் நின்று, "தயவுசெய்து அதை விற்றுவிடுங்கள்" என்று கெஞ்சும் காட்சியைக் கண்டதுண்டா? கேட்டதுண்டா? கற்பனையிலாவது நினைத்ததுண்டா? உரானோ கெஞ்சினார். கிஷிவாதாவில் கெஞ்சினார், சகாயில் கெஞ்சினார், படியேறிப் படியேறிக் கெஞ்சினார். ஜூன் மழைக்காலம் பிறந்தபின் ஒருநாள், நனைந்த காலணியோடு, இனிப்புப் பயறுப் பூரணம் வைத்த பன் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். அம்மையார் பன்னைத் தொடவில்லை. நான் தொட்டேன்.

"என்ன ஆச்சு?" என்றார் அம்மையார்.

"கிஷிவாதாவுல ஒரு முடிதிருத்தறவரு, சென்செய். அவரோட தபால்காரர் கணவாய் உச்சியில நிக்கிறாராம். அங்கேருந்து கடல் தெரியும், நாங்கதான் வரைஞ்சோம். காலையில கடை திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டு அதைப் பாத்துக்குவாராம். 'இதைக் குடுத்துட்டு நான் எதைய்யா பாக்கிறது'ன்னு கதவைச் சாத்திட்டாரு."

"அப்புறம்?"

"சகாயில ஒரு அம்மா. பையன் தரேன்னான், அவங்க தர மாட்டேன்னுட்டாங்க. விடுதிக்கார அம்மாவுக்கு வசந்தத்துல திரும்பி வரேன்னு வாக்குக் குடுத்திருக்காங்களாம்."

"புதுசு ஒண்ணு மாத்திக் குடுக்கிறேன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று நான் குறுக்கிட்டேன். வியாபாரி புத்தி.

"சொன்னேங்க. பேக் பிரிக்காத புதுசைக் கையிலயே நீட்டினேன். ஒரு காலேஜ் பையன் கேட்டான், 'புதுசுல நான் அள்ளின பனி இருக்குமா அண்ணே'ன்னு. புதுசைப் பைக்குள்ள போட்டுக்கிட்டு வந்துட்டேன்." உரானோ தலையைக் குனிந்துகொண்டார். "யாரும் தர மாட்டேங்குறாங்க, சென்செய். நான் தோத்துட்டேன்."

"அப்ப ரெண்டு ரெண்டுதான்," என்றார் அம்மையார்.

ஆம், சபையோரே. அவ்வளவையும் கேட்ட பிறகும் அப்படித்தான் சொன்னார். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. உரானோவுக்கும் தோன்றவில்லை. மூன்று பேர், மூன்று மூளை, ஒரு பெட்டி பன். உண்மை எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தது, ஒருவரும் அதற்கு டீ ஊற்றவில்லை.

அப்போது கடைமணி அடித்தது. கோட்டு சூட்டு போட்ட ஒரு மனிதர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பெயர் இசொகாய், கூட்டுறவு வங்கி ஒன்றில் துணை மேலாளர். உரானோ அவர் வீட்டுக்கும் போயிருக்கிறார், அவரும் மறுத்து அனுப்பியிருக்கிறார். பிறகு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. பையிலிருந்து துணியில் சுற்றிய கேசட்டை எடுத்து கவுண்டரில் வைத்தார்.

"இதை விக்கணும். 'கணவாய்த் தபால்'. முடிச்சிட்டேன்."

உரானோ பின்னறையிலிருந்து பாய்ந்து வந்தார். அம்மையாரும் திரையை விலக்கிக்கொண்டு நின்றார். நான் வழக்கப்படி பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து கேசட்டின் வாயைத் துடைத்தேன், டிவியில் போட்டேன். தபால்காரர் கணவாயைத் தாண்டி, கடற்கரை ஊரில், ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்தார். பை காலி. எல்லாக் கடிதமும் கொடுத்தாயிற்று. நான் விலையைச் சொன்னேன், அவர் சரி என்றார். விற்பனைச் சீட்டை நீட்டினேன். இசொகாய் சட்டைப்பையிலிருந்து, கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் பெயர் முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, சீட்டுக்கு மேலே கொண்டுவந்தார்.

கை அங்கேயே நின்றுவிட்டது.

பெரியோர்களே, அவர் வங்கிக்காரர். நாள் முழுக்க முத்திரை குத்துவதுதான் அவர் பிழைப்பு. யாருடைய கடனை மறுத்தும் குத்துவார், யாருடைய வீட்டை அடகு பிடித்தும் குத்துவார், கை தயங்காது. அந்தக் கை என் கடைச் சீட்டுக்கு மேலே ஆகாயத்தில் நின்றது.

"வாங்கினதும் உள்ள இருக்கிறதை அழிச்சிடுவீங்களா?" என்று கேட்டார்.

"பின்னறையில ஒருத்தர் பார்ப்பாங்க. அப்புறம் அழிச்சிடுவோம். வழக்கம் அதுதானுங்க."

அவர் முத்திரையை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார். உரானோவின் பக்கம் திரும்பி, இடுப்பு வரை குனிந்தார். "உரானோ-சான், மன்னிக்கணும். உங்களுக்காகத்தான் ஆபீஸ்ல லீவு சொல்லிட்டு வந்தேன். உங்க கம்பெனி மூடப்போறது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் முடியலை."

கேசட்டைப் பிடுங்கி எடுத்து, துணியைக்கூடச் சுற்றாமல், மழையில் இறங்கிப் போய்விட்டார். குடை கவுண்டரிலேயே கிடந்தது. உரானோ அவர் போன திசையைப் பார்த்து வணங்கிக்கொண்டே நின்றார். கம்பெனி போயிற்று என்ற துக்கமும், தன் ஆட்டத்தை ஒரு மனிதன் மழையில் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிறான் என்ற சந்தோஷமும் ஒரே முகத்தில் வந்தால் எப்படி இருக்கும்? அழுதார். வெட்கமில்லாமல் அழுதார். நான் துடைக்கும் பஞ்சைக் கொடுத்தேன், ஸ்பிரிட் என்பதை மறந்துவிட்டேன்.

அம்மையார் கவுண்டரில் கிடந்த குடையை எடுத்துச் சுவரோரம் சாத்தினார். பிறகு மெல்லக் கூப்பிட்டார்.

"ஹமாகுச்சி-சான்."

"சொல்லுங்க அக்கா."

"காப்பீட்டு வேலையில நான் எரிஞ்ச வீட்டுக்கு மட்டும்தான் போவேன்."

"ஆமா. அதானே உங்க வேலை."

"எரியாத வீட்டுக்காரன் எவனும் என்னைக் கூப்பிட மாட்டான். இங்கேயும் அதேதான் பண்ணியிருக்கேன். வெறுத்தவங்க வித்தாங்க. நான் வித்ததை மட்டும் பாத்தேன். பாத்துட்டு, ஊர்ல ஒரு வீடு மிச்சமில்லைன்னு எழுதிட்டேன்."

உரானோ கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சமாதானம் சொல்ல வந்தார். அம்மையார் கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க பேசாதீங்க. நீங்க வெறுங்கையோட வந்தீங்களே, அதுதான் சாட்சி. அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் ஆய்வாளர்."

பிறகு அவர் செய்ததை இந்த வீதியில் அதற்கு முன் எவரும் கண்டதில்லை. கடையின் முன்பக்கம் வந்து, தள்ளுபடிக் கூடையில், வேறு கடைக்காரர் விற்காமல் தள்ளிவிட்ட புத்தம் புதிய 'கணவாய்த் தபால்' ஒன்றை எடுத்து, காசு கொடுத்து, பின்னறையில் போட்டு ஆட உட்கார்ந்தார். அப்பப்பா, எவ்வளவு மோசமாக ஆடினார் தெரியுமா? தபால்காரர் கதவு வழியாக வெளியே போகாமல் சுவரில் முட்டி முட்டி நடந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொடுக்க வேண்டிய கடிதத்தை இந்தப் பக்கத்து மாட்டுக்கொட்டிலில் போட்டார். அம்மையார் முறைக்கிறார். முறையுங்கள் அக்கா, நீங்கள்தானே அவமானத்தை ஒழுங்காகச் சொல்லச் சொன்னீர்கள்.

வெளியே மழை கொட்டியது, உள்ளே பனி கொட்டியது. அவர் பொறுமையாக அள்ளினார். விறகு போட்டார். விடுதிக்கார அம்மாளின் கதைகளைத் தலையாட்டிக் கேட்டார். நான் வேறு வேலையாக அறைக்குள் போனால், "கதவைச் சாத்து, குளிருது," என்பார். மழை விட்டு, ஜூலை வெயில் கொளுத்தியபோது சொன்னது இது. ஒருநாள் பின்னறையில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். டிவியில் கடல் தெரிந்தது. அம்மையார் ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த இதழுக்கு எண் வாங்கப் பத்திரிகைப் பெண் வந்தாள். "சென்செய், அச்சுக்குப் போகணும். 'கணவாய்த் தபால்' மார்க்கை மாத்துறீங்களாமே. எவ்வளவு?"

"நம்பர் இல்ல."

"கட்டத்துல ஏதாவது போடணும் சென்செய். காலியா விட்டா அச்சுக்காரர் என்னைத் திட்டுவாரு."

"'விற்க மாட்டேன்'னு போடு."

"அது மார்க்கா?"

"எனக்குத் தெரிஞ்ச பெரிய மார்க் அதுதான். அதுக்குக் கீழே, போன தடவை போட்ட ரெண்டு தப்பு, தப்புப் பண்ணினது நான்னு என் பேரையும் போடு. பேரு பெருசா இருக்கட்டும்."

அப்படியே வெளிவந்தது. கடைக்காரர்கள் குழம்பிப் போனார்கள். ஆறு என்றால் வாங்கலாம், இரண்டு என்றால் விடலாம், இதற்கு என்ன செய்வது? எனக்கு போன் மேல் போன். கொதானி அண்ணனே கேட்டார், "ஏம்ப்பா, இது கூடவா குறைச்சலா" என்று. இல்லை என்று மறுக்காதீர்கள் அண்ணே, நினைவிருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று ஆளுக்குக் கொஞ்சம் ஆர்டர் கொடுத்தார்கள். மொத்த வியாபாரிக்கு அது போதுமாயிருந்தது. சலவைக்கடை மாடியில் விளக்கு அணையவில்லை, அந்த இரண்டு பேரும் வீட்டுக்குப் போகவில்லை, உரானோவின் அடுத்த ஆட்டம் வெளிவந்தது. அது பொதுக் குளியல் கூடம் நடத்துகிறவரைப் பற்றியது. அம்மையார் இம்முறை தாமே ஆடிப் பார்த்துவிட்டு ஐந்து போட்டார். சரியான மதிப்பெண்தான், என்னுடையதை நானும் விற்றுவிட்டேன். அதோ, மூன்றாவது வரிசையில் உரானோ சிரிக்கிறார். அவருக்கும் அதில் மனத்தாங்கல் இல்லை.

அன்பு கெழுமிய அவையோரே, எண்ணிப் பாருங்கள். விற்க வந்தவன் வீதியில் பேசுவான். வைத்துக்கொண்டவன் எங்கே பேசுவான்? வெறுத்தவன் வாசலுக்கு வருவான். விரும்பியவன் எதற்காக வருவான்? கோபக்காரன் கடிதம் எழுதுவான், குறை கண்டவன் கூட்டம் கூட்டுவான், ஏமாந்தவன் ஏழு தெருவுக்குக் கேட்கக் கூவுவான். நிறைந்தவன் என்ன செய்வான்? கதவைச் சாத்திக்கொண்டு கடலைப் பார்ப்பான். அவன் வரமாட்டான், சொல்லமாட்டான், கணக்கில் சிக்கமாட்டான். ஆகவே எண் போடுகிறவர்களே, தீர்ப்பு எழுதுகிறவர்களே, திரையில் நட்சத்திரங்களை அழுத்தித் தள்ளும் இளைய தலைமுறையே, உங்கள் கண்ணுக்கு முன்னால் வந்ததை எண்ணுங்கள். எண்ணி முடித்ததும், வராமல் இருப்பவர் யார் என்று ஒருமுறை கேளுங்கள். கைதட்டல் போதும். தலைவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார்.

ஒரே ஒரு செய்தியோடு முடித்துக்கொள்கிறேன். மேடையில் என் வலப்பக்கம் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அடியில் வெல்வெட், மேலே விளக்கு, உள்ளே ஒன்றுமில்லை. அம்மையார் ஆடிய அந்தக் கேசட்டை வாங்கி, சங்கக் கட்டடத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று விழாக் குழு விரும்பியது. பேரம் பேசி வாங்கிவர என்னை அனுப்பினார்கள். நானும் போனவாரம் அவர் வீட்டுக்குப் போனேன். கல்யாணத்துக்குப் போகிற வழியில் மாப்பிள்ளையிடமிருந்தே கேசட் வாங்கியவன் நான். என்னால் முடியாதா என்ற திமிர் எனக்கு இருந்தது.

பார்லி டீ கொடுத்தார். வேண்டிய விலையைச் சொல்லுங்கள் என்றேன், கோப்பையை நிரப்பினார். சங்கத்தின் பெருமை என்றேன், மறுபடி நிரப்பினார். கடைசியில் என் தொழில் அறிவை எல்லாம் திரட்டிச் சொன்னேன்.

"அக்கா, நானே சொல்றேன், கேளுங்க. அந்தக் காலத்து கேசட். உள்ள இருக்கிற பாட்டரி எப்பவோ செத்திருக்கும். உங்க தபால்காரர் இப்ப அதுல இல்ல. விடுதி இல்ல, பனி இல்ல, கடல் இல்ல. வெறும் பிளாஸ்டிக்கு. அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க?"

"தெரியும்," என்றார். "டீ குடிச்சாச்சா?"

"ஆச்சு அக்கா."

"அப்ப கெளம்பு."

என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டார்.

தலைவர் அவர்களே, அந்தப் பெட்டியில் வேறு எதையும் வைத்து நிரப்பிவிட வேண்டாம் என்று இந்தப் பழைய சாமான் வியாபாரி வேண்டிக்கொள்கிறான். பொறுமையாக உட்கார்ந்து கேட்ட பெருமக்களுக்கும், எழுந்து போகாமல் இருந்த அம்மையாருக்கும், என்னைவிடப் பொறுமையான அந்த மைக் செட்டுக்காரருக்கும் நன்றி கூறி, வணங்கி விடைபெறுகிறேன்.